முப்பத்தாறாயிரம் எங்கே போனது?

தரம் 10 இல் பஸ்கால் படிக்கத் தொடங்கிய மூன்றாம் மாதம் நான் எழுதிய செய்நிரல் ஒரு கருவாட்டுச் சிட்டை. வாப்பா எருக்கலம்பிட்டியில் கருவாடு வாங்கி மூட்டை கட்டிப் புத்தளத்துக் கடைகளுக்கு அனுப்புகிறவர். எத்தனை கிலோ, கிலோ என்ன விலை என்று கேட்டு, பெருக்கி, மொத்தத்தைத் திரையில் காட்டவேண்டும். அவ்வளவுதான். 10 கிலோ, 1200 ரூபா கொடுத்தேன், 12000 வந்தது. பெருமையோடு வாப்பாவைக் கூப்பிட்டேன். அவர் உண்மையான சிட்டையைப் பார்த்து, "30 கிலோ போடு" என்றார். திரையில் -29536 வந்தது.

"மகள், நான் ஆருக்கு இவ்வளவு கடன்?" என்று கேட்டுவிட்டு வாப்பா எழும்பிப் போய்விட்டார்.

அன்றிரவு செய்நிரலை வட்சப்பில் ராத்தாவுக்கு அனுப்பினேன். 1990 இல் மன்னாரை விட்டுப் போன குடும்பங்களில் உம்மாவின் ராத்தா குடும்பம் புத்தளத்திலேயே தங்கிவிட்டது. அவவின் மகள்தான் இந்த ராத்தா. அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது: "முப்பத்தாறாயிரம் சரியாத்தானே வருது தங்கச்சி?" அதே வரிகள், அதே 30, அதே 1200. அங்கே சரி, இங்கே பிழை. இந்தப் பாடம் எனக்குச் சரிவராது, வேறு பாடத்துக்கு மாறலாம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் டீச்சர் விடையைச் சொல்லித் தரவில்லை. "எந்த இடத்தில் பிழைக்கத் தொடங்குது என்று முதலில் பிடி" என்றார். பிறகுதான் கிலோவை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். 26 சரி. 27 க்கு 32400, அதுவும் சரி. 28 க்கு 33600 வரவேண்டும், வந்ததோ -31936. அப்படியானால் 32400 க்கும் 33600 க்கும் இடையில் ஏதோ ஒரு வேலி இருக்கிறது. என் கொப்பியைப் புரட்டினேன். 'இன்டிஜர்' என்ற தரவு வகையின் வீச்சு -32768 முதல் 32767 வரை என்று நானே என் கையால் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தேன்!

அந்த எண் எங்கிருந்து வந்தது? மாறி என்பது ஒரு பெட்டி. இன்டிஜர் பெட்டியில் 16 பிட்டுகள். 16 பிட்டுகளால் 65536 வெவ்வேறு எண்களைக் குறிக்கலாம்; பாதி மறை எண்களுக்கு, மீதி பூச்சியத்துக்கும் நேர் எண்களுக்கும். கடிகாரத்தில் 12 க்குப் பிறகு 1 வருவதுபோல, இங்கே 32767 க்குப் பிறகு -32768 வரும். 36000 இலிருந்து 65536 ஐக் கழித்துப் பாருங்கள், -29536. கணினி உளறவில்லை, வட்டத்தைச் சுற்றி வந்திருக்கிறது.

இன்னொரு சோதனையும் செய்தேன். கிலோவையும் விலையையும் பெருக்கி நேரே திரையில் எழுதச் சொன்னால் 36000 வருகிறது. 'மொத்தம்' என்ற மாறியில் வைத்துவிட்டு எழுதச் சொன்னால்தான் -29536. பெருக்கல் கணினியின் இயல்பான, பெரிய அளவில் நடக்கிறது. சின்னப் பெட்டிக்குள் திணிக்கும்போதுதான் வெட்டுப்படுகிறது.

அப்படியானால் புத்தளத்தில் மட்டும் எப்படிச் சரிவந்தது? எங்கள் கணினிக் கூடத்தில் இருப்பது நீலத் திரையோடு வரும் ஃப்ரீ பஸ்கால். ராத்தாவின் மடிக்கணினியில் இருப்பது லாசரஸ். உள்ளே தொகுப்பி என்னவோ அதே ஃப்ரீ பஸ்கால்தான். ஆனால் லாசரஸ் புதிய செய்நிரல் ஒன்றைத் திறக்கும்போது தானாகவே தலைப்பில் ஒரு வரியை எழுதிவைக்கும்: நெளிவு அடைப்புக்குறிக்குள் டொலர் குறி, பிறகு 'மோட் ஒப்ஜெஎஃப்பிசி'. ராத்தா என் வரிகளை அதற்குக் கீழே ஒட்டியிருக்கிறா. அவ அனுப்பிய படத்தில் அந்த வரியை நானும் பார்த்தேன். பஸ்காலில் நெளிவு அடைப்புக்குள் இருப்பது வெறும் குறிப்புரை என்று படித்திருந்ததால் கவனிக்கவில்லை. டொலர் குறி சேர்ந்தால் அது தொகுப்பிக்கு இடும் கட்டளை. அந்தக் கட்டளை இருந்தால் இன்டிஜர் 32 பிட், இல்லாவிட்டால் 16.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நிக்லவுஸ் விர்த் 1970 இல் பஸ்காலை வெளியிட்டார். ஆகப் பெரிய நிறைவெண் எது என்பதை அந்த மொழியின் நியமம் ஒவ்வொரு தொகுப்பியின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. 1983 இல் வந்த டேர்போ பஸ்கால் அக்காலக் கணினிகளுக்கேற்ப 16 பிட்டை எடுத்தது. 1996 இல் டெல்ஃபியின் இரண்டாம் பதிப்பு 32 க்கு மாறியது. 1993 இல் தொடங்கப்பட்ட ஃப்ரீ பஸ்கால் இரண்டு பக்கத்தாரையும் கைவிடவில்லை. சும்மா விட்டால் பழைய வழி, கட்டளையிட்டால் புதிய வழி. 'சைஸ்ஓஃப்' கொண்டு இன்டிஜரின் அளவைக் கேட்டால் இங்கே 2 பைட், அங்கே 4 பைட் என்று வரும். இந்த ஒரு வரியை முதலிலேயே இரண்டு பேரும் ஓட்டியிருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

பெரியவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 1996 ஜூன் 4 இல் ஏரியான் 5 ரொக்கெட் கிளம்பி ஒரு நிமிடம் ஆகுமுன்னே சிதறியது. ஏரியான் 4 இல் ஒழுங்காக ஓடிய செய்நிரலை எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ரொக்கெட்டின் வேகத்தில் ஒரு பெரிய எண் 16 பிட் பெட்டிக்குள் அடங்கவில்லை.

திருத்தம் ஒரு சொல்தான். 'மொத்தம்' என்பதை 'லோங்இன்ட்' என்று அறிவித்தேன். அது ஃப்ரீ பஸ்காலின் எந்த வழியிலும் 32 பிட். 214 கோடிக்கு மேல் தாங்கும். கூடவே, வீச்சைச் சோதிக்கும் கட்டளையையும் தலைப்பில் சேர்க்கச் சொன்னார் டீச்சர்: டொலர் குறி, ஆர் எழுத்து, கூட்டல் குறி. அது இருந்தால் பெட்டி நிரம்பியதும் செய்நிரல் 201 என்ற வழு எண்ணோடு நின்றுவிடும். நிற்பது ஏன் நல்லது என்பது 60 கிலோவை என் பழைய செய்நிரலில் போட்டபோதுதான் விளங்கியது. 72000 வரவேண்டிய இடத்தில் 6464 வந்தது. கழித்தல் குறி இல்லை, சந்தேகப்பட ஒன்றுமில்லை. வாப்பா அன்று 30 க்குப் பதிலாக 60 என்று சொல்லியிருந்து, அவசரத்தில் நான் அதையே சிட்டையில் எழுதியிருந்தால்?

புதிய செய்நிரலை வாப்பாவிடம் காட்டினேன். 60 கிலோ போடச் சொன்னார். திரையைப் பார்க்குமுன் விரலை மடக்கி வாய்க்கணக்காக எழுபத்திரண்டாயிரம் என்று சொல்லிவிட்டு, பிறகுதான் கண்ணாடியைப் போட்டார்.