பளபளப்புக்குக் கீழே என்ன இருக்கிறது? பழைய கார் விற்பனைக்குத் தயாராகும் விதம்

கார் விற்பனை மையத்தில் வரிசையாக நிற்கும் பழைய கார்களைப் பார்த்திருப்பீர்கள். எட்டு ஆண்டு ஓடிய கார்கூட நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் மின்னும். அந்த மினுமினுப்பை உண்டாக்க ஓரிரு நாள் வேலை போதும். ஆனால், அதற்கு முன்பே அனுபவமுள்ள வியாபாரி ஒரு முடிவை எடுத்திருப்பார்: இந்தக் காரை வாங்கலாமா, வேண்டாமா? அந்த முடிவுக்குப் பின்னால் இயற்பியலும் வேதியியலும் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால், கார் வாங்கப் போகும் உங்களுக்கும் அவை பயன்படும்.

நம் நாட்டில் 'ரீகண்டிஷன்' என்றால் ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் கார்களே நினைவுக்கு வரும். இங்கு நாம் பேசப்போவது உள்ளூரில் ஓடிய கார், கைமாறுவதற்கு முன் சோதிக்கப்பட்டுச் சீர்செய்யப்படும் முறையைப் பற்றி.

தெரிந்த குறையும் தெரியாத குறையும்

வியாபாரியிடம் கார்கள் பல வழிகளில் வருகின்றன. புதுக் கார் வாங்குவோர் மாற்றிக் கொடுப்பவை, தவணை கட்டாததால் வங்கிகள் இழுத்துச் சென்று ஏலம் விடுபவை, உரிமையாளர்கள் நேரடியாகக் கொண்டுவந்து விற்பவை எனச் சொல்லலாம்.

குறையே இல்லாத பழைய கார் கிடையாது. எனவே வியாபாரி குறைகளை இரண்டாகப் பிரிக்கிறார். தேய்ந்த டயர், மெலிந்த பிரேக் பட்டை, வலுவிழந்த பேட்டரி, கீறிய கதவு ஆகியவை முதல் வகை. இவற்றைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். அந்தத் தொகையை வாங்கும் விலையில் கழித்துக்கொள்வார். வெள்ளத்தில் மூழ்கிய கார், அடிச்சட்டம் வளைந்த கார், எண்கள் திருத்தப்பட்ட கார் ஆகியவை இரண்டாம் வகை. இவற்றுக்கு எப்போது, என்ன செலவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல வியாபாரி இவற்றை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடமாட்டார். சோதனை முழுவதும் இந்த இரண்டாம் வகையைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

சாயத்தின் தடிப்பு சொல்லும் கதை

முதலில் வெளியே வருவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. அது சாயத்தின் தடிப்பை அளக்கும். கருவியின் முனையில் ஒரு காந்தப்புலம் உருவாகிறது. அடியில் உள்ள இரும்புத் தகடு முனைக்கு நெருக்கமாக இருந்தால் அந்தப் புலம் வலுவாகும். நடுவில் சாயம் தடித்திருந்தால் வலு குறையும். அந்த வேறுபாட்டைக் கருவி மைக்ரான் கணக்கில் காட்டும். 1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அலுமினியத் தகட்டில் இந்த முறை செல்லாது. அதற்கு மாறுமின்னோட்டத்தால் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை எழுப்பி அளக்கிறார்கள். பிளாஸ்டிக் பம்பரில் இரண்டுமே வேலை செய்யாது.

தொழிற்சாலைச் சாயம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். வியாபாரி முதலில் கூரையை அளப்பார். கூரை அடிபடுவது அரிது. அதனால் அந்த எண் ஒப்பிடுவதற்கு நல்ல அளவுகோல். பிறகு கதவுகள், பின்பக்கம், தூண்கள் என நகர்வார். ஓரிடத்தில் எண் இரட்டிப்பானால் அங்கே மறுசாயம் அடித்திருக்கிறார்கள். 500, 1,000 எனத் தாவினால் தகட்டைத் தட்டி நிமிர்த்திப் புட்டி பூசியிருக்கிறார்கள்.

மறுசாயம் மட்டுமே குற்றமல்ல. பேரங்காடி வாகன நிறுத்துமிடத்தில் யாரோ உரசிச் சென்றிருக்கலாம். ஆனால், கண்ணாடியைத் தாங்கும் தூண்களிலும் கூரை ஓரத்திலும் எண் உயர்ந்தால் கவனம் தேவை. விபத்தில் பயணிகளைக் காக்கும் எலும்புக்கூடு அவை. அங்குள்ள உறுதிமிக்க எஃகைச் சூடாக்கி நிமிர்த்தினால் அதன் வலு குறையும். வெளியே தெரியாது, அடுத்த மோதலில்தான் தெரியும்.

குளிர்ந்த இயந்திரம் பொய் சொல்லாது

அடுத்தது இயந்திரம். அனுபவசாலிகள் அதை முடுக்கும் முன் போனட் மீது கை வைத்துப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால் யாரோ முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். உலோகம் சூடானால் விரியும். தேய்ந்த பாகங்களின் இடைவெளி சுருங்கி, சில சத்தங்கள் மறைந்துவிடும். ஆகவே இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையில்தான் கேட்க வேண்டும்.

புகையும் பேசும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்து இனிப்பு வாடை வீசினால் குளிர்விக்கும் திரவம் உள்ளே கசிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் அளவுக்கு மீறிச் செல்கிறது.

ஐயம் இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பார்கள். சிலிண்டர்களுக்குள் வேறுபாடு அதிகமாக இருக்கக்கூடாது. ஒன்றில் மட்டும் அழுத்தம் குறைந்தால் அதில் சிறிதளவு எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் எண்ணெய் இடைவெளியை அடைத்திருக்கிறது, பிஸ்டன் வளையம் தேய்ந்துள்ளது என்று அர்த்தம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட் பக்கம் பார்க்க வேண்டும். இயந்திரத்தைப் பிரிக்காமலேயே கோளாறின் இடம் தெரிந்துவிடுகிறது.

அழிக்கப்பட்ட நினைவும் ஒரு சாட்சி

இன்றைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி எனப்படும் ஓர் இணைப்பு இருக்கும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். அதில் கருவியைச் செருகினால், காரின் கணினி பதிவு செய்த பிழைக் குறியீடுகள் தெரியும். எச்சரிக்கை விளக்கை அணைக்க அந்தக் குறியீடுகளை ஒரு பொத்தானில் அழித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அழிக்கலாம். ஆனால், அப்போது கணினியின் சுயபரிசோதனைகளும் 'இன்னும் முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பும். அவை நிறைவடையக் கார் சில நாள் பலவிதமாக ஓட வேண்டும். பல கார்களில், குறியீடுகள் அழிக்கப்பட்டபின் ஓடிய கிலோமீட்டரையும் படிக்க முடியும். அது வெறும் 5 கிலோமீட்டர் என்றால் நேற்று எதையோ மறைத்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். காரணம் கேட்பது உங்கள் உரிமை.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைக் குறைப்பது குற்றம். எனினும் அது நடக்கிறது. அந்த எண் இருக்கும் நினைவகத்தை மாற்றலாம். ஆனால் சில கார்களில் கியர் பெட்டியின் கணினி போன்ற வேறு இடங்களிலும் தூரம் பதிவாகிறது. பராமரிப்புப் புத்தகம் இருக்கிறது. மிதித்துத் தேய்ந்த பிரேக் பெடல் ரப்பரும் வழவழப்பான ஸ்டியரிங்கும் இருக்கின்றன. மீட்டர் 40,000 காட்டும்போது பெடல் மொட்டையாக இருந்தால், பெடலையே நம்புங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகும்

2021 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்கமாட்டீர்கள். ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரைவரை மூழ்கின. அப்படி மூழ்கிய கார்களைக் கழுவி, காயவைத்து, புதுக் கம்பளம் விரித்தால் கண்ணுக்குக் குறை தெரியாது. ஆபத்து உள்ளே மெதுவாக வளரும்.

வெள்ளநீரில் உப்புகளும் சேறும் கலந்திருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் ஈரமான இணைப்புகளில் பாயும்போது மின்பகுப்பு நடந்து செம்பு கரையும். பச்சைப் படிவு உண்டாகும். மின்கம்பியின் உறைக்குள் இழைகளுக்கு இடையே நீர் ஊர்ந்தும் செல்லும். இதனால் வாரங்கள், மாதங்கள் கழித்தும் கோளாறுகள் தலைகாட்டும். காற்றுப்பைகளைக் கட்டுப்படுத்தும் கணினி பல கார்களில் நடுப்பகுதியில், தரையோடு ஒட்டியே இருக்கிறது. விரிய வேண்டிய நேரத்தில் காற்றுப்பை விரியாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சோதிப்பவர் இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பார். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாரும் நினைப்பதில்லை. அங்கே சேற்றுக் கோடு இருக்கும். இருக்கைத் தண்டவாளத் துரு, மாற்று டயர் குழியில் மணல், விளக்குக்குள் நீர்க்கோடு ஆகியவையும் அடையாளங்கள். காருக்குள் நறுமணம் தூக்கலாக இருந்தால், எதை மறைக்க அது என்று யோசியுங்கள்.

சீர்செய்வதும் மறைப்பதும்

இந்தச் சோதனைகளில் தேறிய கார் பட்டறைக்குப் போகும். எண்ணெய், வடிகட்டிகள், பிரேக் பட்டைகள் மாற்றப்படும். பிரேக் திரவத்தையும் மாற்றுவது முக்கியம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 4' வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும், சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால், குழாயில் ஆவி சேரும். ஆவியை அமுக்கலாம் என்பதால் பெடல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது.

கடைசியில்தான் பளபளப்பு. சாயத்தின் மேல் இருக்கும் தெளிந்த பூச்சில் நுண்கீறல்கள் விழுந்தால் ஒளி சிதறி, கார் மங்கித் தெரியும். மெருகேற்றும் இயந்திரம் மேற்பரப்பைச் சில மைக்ரான் தேய்த்துச் சமமாக்குகிறது. ஒளி கண்ணாடியில்போல் திரும்புகிறது. தெளிந்த பூச்சு ஏறக்குறைய 40 மைக்ரான்தான் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. மஞ்சளித்த விளக்கு மூடிகளும் அப்படியே. தேய்த்தால் தெளியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மீண்டும் பூசாவிட்டால் சில மாதங்களில் மறுபடியும் மஞ்சளிக்கும்.

வாங்கும் முன் நீங்கள்

பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பி5 பரிசோதனை நடக்கும். சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் உண்மையானவையா என்று சரிபார்ப்பது அதன் முக்கிய நோக்கம். அதில் தேறியது, கியர் பெட்டி இன்னும் ஐந்து ஆண்டு உழைக்கும் என்பதற்கு உத்தரவாதமல்ல.

அதே சேசிஸ் எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளர் அந்தக் காரைத் திரும்ப அழைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். தக்காத்தா நிறுவனத்தின் பழைய காற்றுப்பைகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் நாளடைவில் சிதைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளை வீசியது. மலேசியாவிலும் உயிர்கள் போயின. மாற்றிக் கொடுப்பது இலவசம். ஆனால் அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கும். இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கும் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

காலையில், வெளிச்சத்தில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். "இந்தக் காரில் என்னென்ன மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். டயர், பிரேக், முன் கதவுக்கு மறுசாயம் என ஒரு பட்டியலை எடுத்துக் காட்டுபவர், "ஒன்றுமே செய்யவில்லை, சுத்தமான கார்" என்பவரைவிட நம்பத்தக்கவர். பட்டியலில் உள்ளவை தெரிந்த குறைகள். அவற்றுக்கு விலை பேசலாம். தெரியாத குறைக்குப் பேரம் பேச முடியாது.