ஓட்டுப் போட்டது யார் விரல்?

பத்தே பத்து ஷேர் வைத்திருப்பவர்கூட இன்று கட்டிலில் சாய்ந்தபடி, செல்போனில் கம்பெனி டைரக்டருக்கு எதிராக ஓட்டுப் போடலாம். காபி டம்ளரைக் கீழே வைக்கக்கூட வேண்டாம். 'இந்த வசதி சர்ச் கூட்டங்களுக்கு வந்தால் என்ன?' என்று என் பி.காம். மூளை கேட்டது. விசாரித்துப் பார்த்தேன். அவ்வளவு சுலபமில்லை சார்!

முதலில் லண்டன். இங்கிலாந்து திருச்சபைக்கு ஜெனரல் சினாட் என்று ஒரு மன்றம் உண்டு. பிஷப்புகள், பாதிரிமார்கள், சாதாரண உறுப்பினர்கள் என்று மூன்று பிரிவு. கிட்டத்தட்ட ஒரு குட்டி பார்லிமெண்ட். 2020-ல் கொரோனா வந்ததும், ஜூலையில் ஜூமில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். ஆனால் முறைப்படி ஓட்டெடுக்க முடியாது. கூட்டம் என்றால் ஆள் நேரில் வர வேண்டும் என்பது விதி. விதியை மாற்றலாமே? மாற்றலாம். அதற்கும் ஓட்டெடுக்க வேண்டும். அதை ஜூமில் எடுக்க முடியாதே! சாவி பெட்டிக்குள்ளே, பெட்டிக்குப் பூட்டு!

கடைசியில் செப்டம்பர் 24 அன்று நேரில் வந்து, தள்ளித் தள்ளி உட்கார்ந்து, 'நேரில் வராமலும் கூடலாம்' என்று சட்டம் போட்டார்கள். நவம்பரில்தான் ஜூமில் முறையான கூட்டம்.

அமெரிக்காவின் பிரஸ்பிடேரியன் சபை (பி.சி.யு.எஸ்.ஏ.) பரவாயில்லை. 2020 ஜூனில் பொதுச்சபை முழுவதையும் ஆன்லைனிலேயே நடத்தி, தலைவர்களையும் அப்படியே தேர்ந்தெடுத்துவிட்டது.

வசமாக மாட்டிக்கொண்டது யுனைடெட் மெதடிஸ்ட் சபை. மொத்தம் 862 பிரதிநிதிகள். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, பிலிப்பைன்ஸ் என்று நாலா பக்கமும் இருக்கிறார்கள். 2020 மே மாதக் கூட்டம் தள்ளிப்போக, ஆன்லைனில் நடத்தலாமா என்று ஒரு குழு ஆராய்ந்தது. கையை விரித்துவிட்டது. இவருக்குப் பகல் என்றால் அவருக்கு நடுராத்திரி. எல்லா ஊரிலும் நெட் ஒரே மாதிரி கிடைக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி: பட்டனை அமுக்குவது யார் விரல்?

வீண் பயம் இல்லை இது. 2019-ல் செயின்ட் லூயிஸில் நேரில் நடந்த கூட்டத்திலேயே, வராத பிரதிநிதிகளின் பெயரில் தகுதியில்லாத நான்கு பேர் ஓட்டுப் போட்டது பிறகு தெரியவந்தது. சபையை விட்டுப் பிரிந்து போகும் விதி பற்றிய ஒரு ஓட்டெடுப்பில் வித்தியாசமே இரண்டு ஓட்டுதான்!

சரி, காத்திருக்கலாம் என்றால் அதற்கும் விலை உண்டு. கூட்டம் நடந்தது 2024 ஏப்ரலில், ஷார்லட் நகரில். தன்பாலின உறவு பற்றிய சண்டையில், 2019-லிருந்து 2023 முடிவதற்குள், அமெரிக்காவில் மட்டும் 7,600-க்கு மேற்பட்ட உள்ளூர்ச் சபைகள் வெளியேறிவிட்டன. ஏறக்குறைய நாலில் ஒன்று! முன்பே கூடியிருந்தால் நிற்பார்களா? யார் கண்டது! ஆனால், எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேச ஒரு இடமாவது இருந்திருக்கும்.

கம்பெனியில் எண்ணுவது பங்கை. சர்ச்சில் எண்ணுவது ஆளை. கம்பெனியில் தோற்றவர் ஷேரை விற்றுவிட்டு நடையைக் கட்டலாம். சர்ச்சில் தோற்றவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பாட வேண்டும். 'ஓட்டு நியாயமாகத்தான் எண்ணினார்கள்' என்று அவர் நம்பினால்தான் பாட்டு வரும்.

அதனால் ஆன்லைன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விசா கிடைக்காதவருக்கும் படுக்கையில் இருப்பவருக்கும் அது ஒன்றுதான் வாசல். யார் ஓட்டுப் போடலாம், ஆள் அவர்தானா என்று எப்படிப் பார்ப்பது, பாதியில் நெட் போனால் என்ன கணக்கு... இதையெல்லாம் சண்டை இல்லாத நாளில் எழுதி வைத்துவிட வேண்டும். மழை பிடித்த பிறகு ஓடு மாற்ற ஏறினால் நனைய வேண்டியதுதான்!