உங்களுக்குத் தெரியுமா? சேத்தியாத்தோப்புப் பக்கத்துச் சின்னச் சின்ன அழகு

சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிக்குப் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கழியை மட்டும் உற்றுப் பாருங்கள். கணுவுக்குக் கீழே விபூதி பூசியதுபோல் ஒரு வெள்ளை வளையம் தெரியும். அது தூசி இல்லை, மெழுகு. கரும்பே தன் மேல் பூசிக்கொள்வது. விரலால் தேய்த்தால் அடியில் பச்சையோ கருஞ்சிவப்போ பளபளக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு முளைப்பரு. இந்தக் கணுவில் இந்தப் பக்கம் இருந்தால், அடுத்த கணுவில் எதிர்ப்பக்கம். எண்ணிப் பாருங்கள், மாறாது.

கரும்பு பூத்தால் வயல் முழுக்க வெள்ளிச் சாமரம் வீசும். ஆனால் பூத்த கழி அதற்குமேல் வளராது. அதனால் விவசாயி அதை ரசிப்பதில்லை.

வாசலில் போடும் கோலத்துக்குக் கணினி அறிவியலில் இலக்கணம் உண்டு. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகள் புள்ளியைத் தொடாமல் இழையை வளைத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடித்த வித்தைதான் அது! மார்கழியில் அந்தக் கோலத்தின் நடுவில், சாணி உருண்டையில் செருகும் பரங்கிப்பூ வெயில் ஏறினால் சுருங்கிவிடும். விடியலில் எழுந்தவருக்கே அது முழுசாகக் கிடைக்கும்.

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். ஒரே பூவின் பருவங்களுக்குத் தமிழ் வைத்த பெயர்கள் இவை. எனக்கு மலரைவிட மொட்டுதான் பிடிக்கும். சாயங்காலம் மொட்டாக வாங்கிய ஒரு முழம் மல்லி, ராத்திரி சாப்பாடு முடிவதற்குள் வீடு முழுக்க மணக்கும்.

வீராணம் ஏரி 10-ஆம் நூற்றாண்டில் சோழர் வெட்டியது. முதலாம் பராந்தகனின் 'வீரநாராயணன்' என்ற பட்டப்பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆனது. 2004-லிருந்து அந்தத் தண்ணீர் சேத்தியாத்தோப்பு வழியாகக் குழாயில் சென்னைக்குப் போகிறது. பொழுது சாயும்போது இந்த ஏரிக்கரையில் நிற்பவர் பார்க்கிற அதே தண்ணீரைத்தான் சென்னையில் பலர் குடத்தில் பிடிக்கிறார்கள்.

சிதம்பரம் கோயிலின் கிழக்குக் கோபுர வாயிலில், இருபக்கச் சுவரிலும் 108 நடனக் கரணங்கள் சின்னச் சின்னச் சிற்பங்களாக நிற்கின்றன. சாமி பார்க்கும் அவசரத்தில் எல்லாரும் அவற்றைத் தாண்டி ஓடுகிறோம். அடுத்த முறை போகும்போது அங்கே ஐந்து நிமிஷம் நில்லுங்கள். ஒரே ஒரு சிற்பத்தின் கால்விரலை மட்டுமாவது பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.