பயிற்றுவிப்பாளரின் சொல்லும் குதிரையோட்டியின் முடிவும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் குதிரைப் பந்தயத் திடல் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் மக்களுக்குப் பழக்கமானது மாட்டுவண்டிச் சவாரியே. சவாரியில் மாடுகளைப் பழக்குபவரும் வண்டியை ஓட்டுபவரும் ஒருவராகவோ ஒரே வீட்டாராகவோ இருக்க இடமுண்டு. குதிரைப் பந்தயத்தில், 1875 இல் அமைக்கப்பட்ட நுவரெலியாத் திடலில் சித்திரை மாதம் நடைபெறும் பந்தயங்கள் உட்பட, பயிற்றுவிப்பாளரும் ‘ஜொக்கி’ எனப்படும் குதிரையோட்டியும் வெவ்வேறு தொழிலினர் ஆவர். பல மாதங்கள் குதிரையைப் பழக்கியவர் திடலின் ஓரத்தில் நிற்க, சில வேளைகளில் அன்றுதான் முதன்முறையாக அதன்மேல் ஏறியவர் அதனை ஓட்டுகிறார்.

இவ்விருவரும் சந்திக்கும் இடம் ‘படொக்’, அதாவது பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் அடைப்பு ஆகும். குதிரை எந்தப் பக்கம் சாயும், சவுக்கை வெறுக்குமா, கூட்டத்தின் நடுவே பதறுமா என்பவற்றையும், முன்னால் ஓட்டுவதா, பின்னால் காத்திருப்பதா, இறுதி வேகத்தை எவ்விடத்தில் கேட்பது என்பவற்றையும் பயிற்றுவிப்பாளர் அங்கே சொல்லிவிடுகிறார். இவற்றுள் முதல் வகை குதிரையின் இயல்பைப் பற்றியது என்பதால் பந்தயம் எப்படிப் போனாலும் பயன்படும். இரண்டாம் வகையோ இன்னும் ஓடப்படாத பந்தயத்தைப் பற்றிய ஊகமே. மூன்று குதிரைகளுக்கு முன்னணியில் ஓடும்படி கட்டளை கிடைத்திருந்தால் மூன்றும் ஒன்றையொன்று துரத்திக் களைத்துவிடும். எல்லாக் குதிரைகளும் காத்திருந்தால், மெதுவான வேகத்தில் முன்னே போகும் ஒரு குதிரை தன் வலுவைச் சேமித்துக்கொண்டு இறுதியில் பிடிபடாமல் தப்பிவிடும். பிற குதிரைகளின் பின்னே ஓடுவது காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் என்றாலும், வழி அடைபடும் ஆபத்தும் அதிலேயே உண்டு. மற்றப் பயிற்றுவிப்பாளர்கள் என்ன சொன்னார்கள் என்பது தொடக்கக் கதவு திறந்த பின்னரே தெரியவருவதால், அந்த நொடியில் பெற்ற அறிவுரையைக் கைவிடும் துணிவும் ஓட்டிக்கு வேண்டும். ஆயினும், அறிவுரையை மீறித் தோற்றவர் அடுத்த முறை அக்குதிரையில் ஏற்றப்படாமல் போகலாம் என்ற அச்சம் அத்துணிவை அடக்கிவிடுகிறது என்பதே இத்தொழிலின் பெருங்குறை.

காத்திருந்து ஓட்டும் முறையின் இரு முகங்களையும் டான்சிங் பிரேவ் என்ற குதிரையின் 1986 ஆம் ஆண்டு காட்டுகிறது. இறக்கமும் வளைவும் கொண்ட, இங்கிலாந்தின் எப்சம் திடலின் டெர்பிப் பந்தயத்தில், கிரெவில் ஸ்டார்க்கி ஓட்டிய அக்குதிரை வெகுதூரம் பின்தங்கியிருந்து இறுதியில் பாய்ந்து வந்தும், ஷாரஸ்தானி என்ற குதிரையிடம் அரைக் குதிரை நீளத்தால் தோற்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் பாரிஸின் லோங்ஷாம் திடலில் நடந்த பந்தயத்தில், அதனை ஓட்டிய பட் எடெரியும் அதனைப் பின்னாலேயே வைத்திருந்தார். ஆனால் கடும் வேகத்தில் ஓடிய அப்பந்தயத்தில் முன்னால் சென்றவை தளர, அது வெளிப்புறமாக வந்து வென்றது.

அறிவுரை நேர்மையையும் தொடுகிறது. பணம் கட்டியவர்கள் ஏமாறாதிருக்க, ஒவ்வொரு குதிரையும் தன் முழுத் தகுதியோடு ஓட வேண்டும் என்று பந்தய விதிகள் கோருகின்றன. அவுஸ்திரேலியாவில் வழக்கமான ஓட்டமுறையை மாற்ற எண்ணும் பயிற்றுவிப்பாளர் அதனை முன்கூட்டியே ‘ஸ்டூவர்ட்’ எனப்படும் பந்தய நடுவர்களுக்கு அறிவிக்க வேண்டும். குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்யத் தமிழ்நாடு 1974 இல் இயற்றிய சட்டம் தொடர்பான வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996 இல், வெற்றி பெரும்பாலும் திறமையையே சார்ந்தது எனத் தீர்ப்பளித்தபோது, குதிரைக்கு அளிக்கப்படும் பயிற்சியையும் ஓட்டியின் திறனையும் சேர்த்தே கணக்கில் கொண்டது. ஆகவே குதிரையைத் தடுத்து ஓட்டும்படி சொன்னவரும், சொன்னபடி ஓட்டியவரும் நடுவர் விசாரணையில் ஒருசேரப் பொறுப்பாளிகளே.