வேலை போகலாம், கணக்குப் போகாது

இலங்கையின் வத்தேகமையைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் பலர், தோட்ட முகாமையாளரான துரை தருவதை வாங்கிக்கொண்டு போவதுதான் விதி என எண்ணுகிறார்கள். அது தவறு. செய்த வேலைக்கான கூலி தொழிலாளியின் பணம். நிறுத்தப்பட்டதால் அந்தக் கடன் தீராது. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதமும் செலுத்தவேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 14 நாள் கூலி பணிக்கொடையாக உண்டு. நாட்கூலி 1,000 ரூபா என வைத்தால், இருபதாண்டுக்கு 2,80,000 ரூபா. அதை வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும்.

‘குற்றம் செய்தவனுக்கும் பணிக்கொடையா?’ என்று கேட்பார்கள். மோசடி, கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் செய்த சேதம், முதலாளியின் பொருளை இழக்கச் செய்தது ஆகியவற்றுக்காக நீக்கினால் மட்டுமே, அதுவும் அவர் விளைவித்த நட்டத்தின் அளவுக்கே, பணிக்கொடையைப் பிடிக்கலாம். துரையோடு வாய்த்தர்க்கம் செய்தது அதற்குள் வராது. ‘தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது’ என்பார்கள். கொழுந்து பறித்த கை அந்த நட்டத்தை ஏன் சுமக்கவேண்டும்? நட்டத்தைக் காட்டி ஆட்குறைப்புச் செய்யவும், 1971ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சட்டப்படி தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும்.

ஆகவே சம்பளத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாசிக்காத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். சேரவேண்டிய பணம் வராவிட்டால், தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். நீக்கம் அநியாயமென்றால், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குச் செல்லுங்கள்.