முதுமையில் பெண்களின் தசை: மரபணுக்கள் செய்வதும் செய்யாததும்

மனித உடலின் தசை முப்பது வயதை ஒட்டி உச்சத்தை எட்டுகிறது. ஐம்பதைக் கடந்ததும் அதன் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் வரை குறைகிறது. வலு அதைவிட வேகமாகக் குறைகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குத் தொடக்கத்திலேயே தசை குறைவு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜனும் சரிவதால், அன்றாட வேலைகளுக்குத் தேவையான குறைந்தபட்ச வலுவுக்குக் கீழே அவர்கள் முன்னதாகவே இறங்கிவிடும் வாய்ப்பு அதிகம். இந்தத் தேய்வுக்கு 1980களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் ‘சார்கோபீனியா’ என்று பெயர் வைத்தார். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகோலின்படி, கைப்பிடி வலு 18 கிலோவுக்குக் கீழே இருக்கும் பெண் தசைவலு குன்றியவர். ஆண்களுக்கு இந்த எல்லை 28 கிலோ.

ஆனால் ஒரே வயதுள்ள எல்லாப் பெண்களும் ஒரே அளவுக்குத் தளர்வதில்லை. எழுபது வயதில் ஒருவர் மாடிப்படி ஏறி இறங்குகிறார். இன்னொருவர் நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழ முடிவதில்லை. இந்த வேறுபாட்டில் பிறப்போடு வந்தது எவ்வளவு என்பதை அளக்க அறிவியலுக்குக் கிடைத்த சிறந்த வழி இரட்டையர் ஆய்வு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் பொது. இரு கருவிலிருந்து வந்த இரட்டையர் சாதாரண உடன்பிறப்புகளைப் போல, மனிதருக்கு மனிதர் வேறுபடும் மரபணுப் பகுதிகளில் சராசரியாகப் பாதியையே பகிர்கிறார்கள். முதல் வகையினர் வலுவில் ஒருவரையொருவர் ஒத்திருப்பதும் இரண்டாம் வகையினர் அந்த அளவுக்கு ஒத்திராததும் மரபின் பங்கைக் காட்டிவிடும்.

பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகம் இதையே முதிய பெண்களிடம் செய்து பார்த்தது. 63 முதல் 76 வயது வரையிலான இருநூறுக்கும் மேற்பட்ட பெண் இரட்டையர் இணைகள் ஆய்வில் கலந்துகொண்டனர். கைப்பிடி வலு, முழங்காலை நீட்டும் விசை, கணுக்காலை அழுத்தும் விசை, காலை உதைத்து நீட்டும்போது வெளிப்படும் திறன் ஆகியவை அளக்கப்பட்டன. காலை நீட்டும் விசையில் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியும், திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் மரபணுக்களால் வருவதாகக் கணக்கு காட்டியது. அதோடு, விசைக்கும் திறனுக்கும் ஒரே மரபணுத் தொகுதி பொதுவாக வேலை செய்வதும் தெரிந்தது. உலகின் பல இரட்டையர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வலுவில் மரபின் பங்கு 30 முதல் 65 சதவீதம் வரையும், கொழுப்பு நீக்கிய உடல் எடையில் 50 முதல் 80 சதவீதம் வரையும் வருகிறது. ஆகவே தசையின் அளவு வலுவைவிட அதிகமாகப் பிறப்பைச் சார்ந்தது.

இந்தச் சதவீதங்களைத் தவறாகப் படிப்பது மிக எளிது; அதனால் முதியவர்களுக்கு நேரும் தீங்கும் சிறிதல்ல. பாதி என்றால் ஒரு பெண்ணின் வலுவில் பாதி மரபணு தந்தது, மீதி அவர் தேடிக்கொண்டது என்று பொருளல்ல. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் ஏற்றத்தாழ்வில் எவ்வளவு மரபு வேறுபாட்டோடு சேர்ந்து நகர்கிறது என்பதே அதன் பொருள். எல்லோரும் ஒரே உணவை உண்டு ஒரே வேலையைச் செய்யும் ஊரில் மரபின் சதவீதம் ஏறும். ஒருத்தி வயலில் உழைக்க மற்றொருத்தி வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஊரில் அது இறங்கும். ஒருவரின் தசையைக் கூட்ட முடியுமா என்ற கேள்விக்கு இந்த எண்ணில் பதில் கிடையாது.

தனி மரபணுக்களில் மிகவும் ஆராயப்பட்டது ஏசிடிஎன்3. வேகமாகச் சுருங்கும் தசை நார்களில் மட்டும் இருக்கும் ஆல்ஃபா-ஆக்டினின்-3 என்ற புரதத்தை உருவாக்குவது இதன் வேலை. அந்த மரபணுவின் ஒரு வடிவத்தில் புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த வடிவத்தைப் பெற்றவர்களுக்கு இந்தப் புரதம் அறவே கிடையாது. ஆயினும் அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இப்படிப்பட்டவர் என்பதை ஆஸ்திரேலியாவில் கேத்ரின் நார்த் குழுவினரின் ஆய்வுகள் 1999 முதல் வெளிக்கொண்டு வந்தன. வயது ஏறும்போது முதலில் மெலிவதும் இந்த வேக நார்களே என்பதால், முதுமைத் தசையைப் பற்றிய ஆய்வுகளில் இந்த மரபணு அடிக்கடி இடம்பெறுகிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்த நீண்டகால முதுமை ஆய்வில், புரதம் இல்லாத பெண்களுக்குக் கால்தசையும் முழங்கால் விசையும் சற்றுக் குறைவாக இருந்தன. ஆண்களிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. மரபணு ஒன்றாக இருந்தாலும் அது பெண்ணுடலில் ஒருவிதமாகவும் ஆணுடலில் வேறுவிதமாகவும் பேசலாம். ஆண் விளையாட்டு வீரர்களிடம் கண்டதை மூதாட்டிகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

பெண்களின் தசையோடு இன்னும் நெருக்கமான தொடர்புடையவை ஈஸ்ட்ரோஜனைக் கையாளும் மரபணுக்கள். ஈஸ்ட்ரோஜன் சிதையும்போது உண்டாகும் பொருள்களை மேலும் மாற்றும் நொதியை உருவாக்குவது சிஓஎம்டி மரபணு. சிலருக்கு இந்த நொதி வேகமாக வேலை செய்கிறது, சிலருக்கு மெதுவாக. பின்லாந்து இரட்டையரிடம் பார்த்தபோது, மெதுவான வடிவம் கொண்டவர்களுக்குத் தசை சற்று அதிகமாக இருந்தது. அவர்களின் உடலுழைப்பைப் பொறுத்து இந்த வேறுபாடு மாறவும் செய்தது.

அதே பல்கலைக்கழகக் குழு மற்றோர் அழகான ஒப்பீட்டையும் செய்தது. 54 முதல் 62 வயதுக்குட்பட்ட 15 ஒருகரு இரட்டை இணைகளில், ஒரு சகோதரி பல ஆண்டுகளாக ஹார்மோன் மருந்து எடுத்துக்கொண்டவர், மற்றவர் எடுக்காதவர். மரபணு ஒன்றே என்பதால் இருவருக்கும் இடையே காணும் வேறுபாட்டை மரபின் மேல் போட முடியாது. மருந்து எடுத்தவர்கள் அதிக வேகமாக நடந்தார்கள், கூடுதல் உயரம் குதித்தார்கள். ஹார்மோன் மருந்துக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. தசைக்காக மட்டும் அதை உட்கொள்ளும்படி மருத்துவம் பரிந்துரைப்பதில்லை. ஆனாலும் முதிய பெண்ணின் தசையில் ஹார்மோனுக்கு எவ்வளவு இடமுண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

தசை அளவுக்கு மீறி வளராமல் தடுக்கும் புரதம் மயோஸ்டாட்டின். 1997இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சே-ஜின் லீ குழுவினர், இதன் மரபணு செயலிழந்த எலிகளின் தசை மிகப் பெருத்துவிடுவதைக் கண்டனர். பெல்ஜிய நீலமாடுகளின் திரண்ட உடலுக்கும் இம்மரபணுவின் பழுதே காரணம். இந்தத் தடையை மருந்தால் விலக்கினால் முதுமைத் தளர்ச்சி தீரும் என்ற நம்பிக்கை எழுந்தது. மயோஸ்டாட்டினும் அதன் உறவுப் புரதங்களும் பற்றும் ஏற்பியை அடைக்கும் பைமாக்ருமாப் என்ற மருந்து முதியவர்களிடம் சோதிக்கப்பட்டு, 2020இல் முடிவு வெளியானது. தசை கூடியது. ஆனால் நடப்பது, எழுவது போன்ற செயல்களில், போலி மருந்து பெற்றவர்களைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் முன்னேறவில்லை. வலு என்பது தசையின் பருமன் மட்டுமல்ல: தண்டுவடத்திலிருந்து வரும் இயக்க நரம்புகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன, அவை எவ்வளவு விரைவாக ஆணையிடுகின்றன, நார்களுக்கிடையே கொழுப்பு எவ்வளவு புகுந்திருக்கிறது என்பவையும் சேர்ந்ததே வலு.

தனி மரபணுக்களைத் தேடும் காலம் போய், முழு மரபுத்தொகுதியையும் லட்சக்கணக்கானோரிடம் ஒப்பிடும் ஆய்வுகள் வந்தபின் படம் மாறியது. 60 வயதுக்கு மேற்பட்ட இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான ஐரோப்பிய மரபினரின் கைப்பிடி வலுவை ஆராய்ந்து 2021இல் வெளியான கட்டுரை, தசைவலுக் குறைவோடு தொடர்புள்ள 15 இடங்களை அடையாளம் காட்டியது. அவற்றில் நோயெதிர்ப்பைச் சார்ந்தவையும் மூட்டுத் தேய்வோடு தொடர்புள்ளவையும் இருந்தன. பிரிட்டனில் நாலரை லட்சம் பேரிடம் கைகால் தசையின் அளவைப் பார்த்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபு வேறுபாடுகள் அகப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவே. எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகத் திரட்டினாலும், முதிய பெண்களின் பிடிவலுவில் காணும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட அதனால் விளக்க முடியவில்லை. எச்சிலை அனுப்பினால் ‘வலுவின் மரபணு’ உண்டா இல்லையா என்று சொல்லும் வணிகப் பரிசோதனைகள் ஓரிரு மரபணுக்களையே நம்பியிருக்கின்றன. அவற்றின் முடிவைக் கொண்டு ஒரு மூதாட்டி என்ன செய்யலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானிக்க எந்த அடிப்படையும் இல்லை.

பயிற்சிக்குத் தசை எவ்வளவு இணங்கும் என்பதிலும் மரபு வேறுபாடு உண்டு. ஒரே பயிற்சியில் சிலருக்கு வலு மிகுதியாகக் கூடும், சிலருக்குக் குறைவாகக் கூடும். இருந்தாலும் கூடும் திசை பெரும்பாலும் ஒன்றே. 1994இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, சராசரி வயது 87 கொண்ட நூறு பேரிடம் நடத்திய சோதனை இதற்குச் சான்று. அவர்களில் 63 பேர் பெண்கள். பத்து வாரம் எடைப்பயிற்சி செய்தவர்களின் கால் வலு சராசரியாக இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. நடை வேகமும் படியேறும் திறனும் கூடின. சத்துப்பானம் மட்டும் பருகியவர்களிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை.