உழைப்பு குறைந்தது, உடல் பருத்தது

உடல் பருமன் பட்டணத்துப் பணக்காரர்களுக்கு வருவது என்று எண்ணி வந்தோம். இன்று நிலைமை அதுவல்ல. 2015-16-ம் ஆண்டு தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழகப் பெண்களில் 100-க்கு 31 பேர் எடை மிகுந்தவர்கள். 2019-21 ஆய்வில் இது 40 ஆயிற்று. ஆண்களில் 28 பேர் 37 ஆயினர். கிராமங்களும் இதற்கு விலக்கல்ல.

காரணம் என்ன?

உண்ட உணவின் சக்தி செலவாகாமல் மிஞ்சினால் கொழுப்பாகச் சேரும். இதைப் பெருந்தீனி என்று ஒதுக்கிவிட முடியாது. வாழ்க்கை முறையே மாறிவிட்டது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் கமலை இறைத்த கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. ஏர் உழுத நிலத்தில் டிராக்டர் உழுகிறது. சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளும் விசைத்தறிகளாகிவிட்டன. பாரம் குறைந்தது நல்லதே. ஆனால் சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை.

கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த கரிசல் மானாவாரியில் இன்று பருத்தி, மக்காச்சோளம். விளைவது சந்தைக்குப் போகிறது. 2011 முதல் இலவசமாகக் கிடைக்கும் ரேஷன் அரிசி பசியைப் போக்கியது, அதில் குறையில்லை. மூன்று வேளையும் அதுவே ஆனதுதான் குறை. நூற்பாலையில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை. புரோட்டா பார்சல் வருகிறது. கொய்யாவை விற்றுவிட்டுப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்குகிறோம்.

அளந்து பாருங்கள்

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேற்பட்டால் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக் கொள்வது அவசியம். நோய் முற்றினால் மருத்துவச் செலவுக்கு நிலமே அடமானம் போகும்.

செய்ய வேண்டியவை

1. வீட்டுத் தேவைக்குக் கால் ஏக்கரில் குதிரைவாலி விதையுங்கள். புரட்டாசிப் பட்டத்தில் 1 கிலோ விதை போதும். சுமார் 100 நாளில் அறுவடை. அதிகம் தீட்டினால் நார்ச்சத்து போய்விடும். சிறுதானியத்தையும் அளவோடுதான் உண்ண வேண்டும்.

2. வரப்பில் துவரை, தட்டைப்பயறு, வீட்டருகே முருங்கை வளருங்கள். சோற்றைக் குறைத்துப் பயறும் கீரையும் கூட்டுங்கள்.

3. ஒரு கிராம் மாவுச்சத்து தருவது 4 கலோரி. எண்ணெய் 9 கலோரி. மாத எண்ணெயை அளந்து வாங்குங்கள்.

4. நாளுக்குச் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும். பால்கோவா விசேஷ நாளுக்கு மட்டும்.

5. பக்கத்து வயலுக்கு மோட்டார் சைக்கிள் வேண்டாம், நடந்து செல்லுங்கள்.

விளைச்சலில் முதல் பங்கு நம் வீட்டு அடுப்புக்கு என்று ஒதுக்கினால், மருந்துக்குக் கொடுக்கும் பணம் கையில் நிற்கும்.